11 லட்சம் இளம் விண்மீன்கள்: தலைப்பில் விட்டுப்போன ஒரு சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் அறிவியல் பக்கத்தில் ‘11 லட்சம் புதிய நட்சத்திரங்களைக் கண்டுபிடித்த செயற்கை நுண்ணறிவு’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அரசியலும் சினிமாவும் போக மிச்சம் இருக்கிற இடத்தில் இப்படி ஒரு விஷயத்துக்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. படமும் நன்றாக இருந்தது. ஆனால் அந்தத் தலைப்பைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. ‘புதிய’ என்பது தவறு, ‘கண்டுபிடித்த’ என்பதும் தவறு, இருந்தே ஆக வேண்டிய ஒரு சொல் தலைப்பிலும் இல்லை, கட்டுரைக்குள்ளும் இல்லை. நான் வானியல் பேராசிரியர் இல்லை. தரவுகளோடு வேலை பார்ப்பது என் பிழைப்பு, இரவில் வானியல் பட்டியல்களைப் புரட்டுவது என் ஆசை. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 11 லட்சம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஹங்கேரியில் உள்ள கொன்கோலி வானாய்வகத்தின் காபோர் மார்ட்டனும் அவரோடு இருந்தவர்களும் 2019ல் வெளியிட்ட பட்டியல் அது. ஐரோப்பாவின் கையா விண்கலம் 2018ல் தன் இரண்டாவது தரவு வெளியீட்டைத் தந்திருந்தது, அதில் 160 கோடிக்கும் மேற்பட்ட பொருள்கள். இன்னொரு பக்கம் நாசாவின் வைஸ் விண்கலம் முழு வானத்தையும் அகச்சிவப்பில் படம்பிடித்து வைத்திருந்தது. இரண்டிலும் இருக்கிற பொருள்களை ஒன்றோடொன்று பொருத்தி, பிளாங்க் விண்கலத்தின் தூசி வரைபடத்தையும் சேர்த்துக்கொண்டு, 10 கோடியே 30 லட்சம் பொருள்களைக் கணினிக்குக் கொடுத்தார்கள். கணினி ஒவ்வொன்றையும் நான்கு கூடைகளில் ஒன்றில் போட வேண்டும்: இளம் விண்மீன், சூரியனைப் போல நடுவயதில் நிதானமாக எரியும் விண்மீன், வயதான விண்மீன், நம் பால்வெளிக்கு வெளியே இருக்கிற ஏதோ ஒன்று. இதில் இளம் விண்மீனாக இருப்பதற்கு 90 விழுக்காட்டுக்கும் மேல் வாய்ப்பு என்று கணினி சொன்னவை 11,29,295. உங்கள் தலைப்பில் வந்த எண் இதுதான்.

இப்போது சொல்லுங்கள், இதில் ‘புதிய’ எங்கே இருக்கிறது? அந்த 10 கோடியில் ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஒரு வரிசை எண் இருந்தது, வானத்தில் இருக்கும் இடம் அளந்து எழுதப்பட்டிருந்தது, ஒளி அளவு இருந்தது. ஒரு பொருளைக்கூடக் கணினி புதிதாகப் பார்க்கவில்லை. ஏற்கெனவே பார்த்தவற்றின் மேல் ‘இது இளசாக இருக்கலாம்’ என்று ஒரு சீட்டை ஒட்டியது, பக்கத்திலேயே எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஓர் எண்ணையும் எழுதியது. வானியலில் இப்படிச் சீட்டு ஒட்டப்பட்டதை வேட்பாளர் என்றே சொல்கிறார்கள். விட்டுப்போன சொல் அதுதான். தேர்தல் நேரத்தில் வேட்புமனு கொடுத்த ஒருவரை வெற்றி பெற்றவர் என்று நீங்கள் தலைப்புப் போட மாட்டீர்கள் இல்லையா, இங்கேயும் அதே கவனம் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

‘ஒரு சொல்தானே, விடுங்கள்’ என்று தோன்றலாம். விட முடியாது. ஏன் என்று சொல்ல இளம் விண்மீனை அடையாளம் காண்பது ஏன் இத்தனை கஷ்டம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

விண்மீன்கள் வாயுவும் தூசியும் கலந்த குளிர்ந்த மேகங்களுக்குள் பிறக்கின்றன. நம் சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டு. இங்கே இளம் விண்மீன் என்று பேசுவது பெரும்பாலும் சில லட்சம் ஆண்டிலிருந்து ஒரு கோடி ஆண்டு வரை வயதுள்ளவற்றை. அந்த வயதில் பலவற்றைச் சுற்றி ஒரு தூசித் தட்டு இருக்கும், பிற்பாடு கோள்கள் உருவாவது அதிலிருந்துதான். விண்மீனின் வெப்பத்தில் தட்டு சூடாகி அகச்சிவப்பில் ஒளிரும். ஆக, சாதாரண விண்மீனில் இருக்க வேண்டியதைவிட அகச்சிவப்பு அதிகமாக வந்தால் ‘அட, இங்கே தூசி இருக்கிறது’ என்று தெரிந்துவிடும். 1987ல் சார்லஸ் லாடா இந்த அதிகப்படியான ஒளியை வைத்தே இளம் விண்மீன்களை வகுப்பு 1, 2, 3 என்று பிரித்தார், 1993ல் அதற்கும் முந்தைய நிலைக்கு வகுப்பு 0 என்று ஒன்று சேர்ந்தது. தூசிப் போர்வைக்குள் முழுசாகப் பொதிந்திருப்பதிலிருந்து, தட்டு ஏறக்குறைய காணாமல் போன நிலை வரைக்கும் வரிசை.

கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் தூசி இளசுகளுக்கு மட்டும் சொந்தமில்லை. ஆயுள் முடியப்போகிற செம்பெரு விண்மீன்கள் தங்கள் மேலடுக்கை உதறித் தள்ளும்போது அவற்றைச் சுற்றியும் தூசி சூழ்ந்துகொள்ளும். பிறக்கிற விண்மீனும் சாகப்போகிற விண்மீனும் அகச்சிவப்பில் ஒரே நிறத்தில் நிற்கும்! எங்கோ கோடிக்கணக்கான ஒளியாண்டு தள்ளி இருக்கிற ஒரு கேலக்ஸி, அதற்குள் மும்முரமாக விண்மீன்கள் பிறந்துகொண்டிருந்தால், சின்னச் சிவப்புப் புள்ளியாக அதே நிறத்தில் தெரியும். அப்புறம் மேகமே ஒளிர்வது வேறு தொல்லை. வைஸ் பார்த்தது நான்கு அலைநீளங்களில்: 3.4, 4.6, 12, 22 மைக்ரோமீட்டர். கடைசி இரண்டில் படம் அவ்வளவு கூர்மையாக இருக்காது. விண்மீனுக்குப் பக்கத்தில் இருக்கிற மேகத்தின் ஒளியை விண்மீனுடையது என்று பட்டியலில் எழுதிவிடுவது அங்கே சகஜம். மார்ட்டன் குழுவினர் அதனால்தான் அந்த இரண்டு அளவீடுகளும் நிஜமா, பொய்யா என்று தீர்மானிப்பதற்கே முதலில் ஒரு கணினி மாதிரியை, அதாவது தரவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ஒரு நிரலை, பழக்கினார்கள். எவ்வளவு பொறுமையான வேலை பாருங்கள், அதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி வந்திருக்கலாம்.

கணினி இதை எப்படிச் செய்கிறது என்பதையும் ‘செயற்கை நுண்ணறிவு அலசியது’ என்ற ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டீர்கள். இதில் அதிகம் பயன்படுவது ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற முறை, லியோ பிரைமன் 2001ல் எழுதியது. மந்திரம் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே வானியலாளர்கள் ஆராய்ந்து ‘இது இளம் விண்மீன்’, ‘இது கேலக்ஸி’ என்று முடிவு கட்டிய ஆயிரக்கணக்கான பொருள்களை முதலில் கணினிக்குக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து அது நூற்றுக்கணக்கான கேள்வி மரங்களைக் கட்டிக்கொள்ளும். ஒரு மரம் ‘3.4க்கும் 4.6க்கும் இடையே ஒளி வித்தியாசம் இவ்வளவுக்கு மேலா?’ என்று கேட்டுக் கிளை பிரியும், இன்னொரு மரம் வேறொரு அளவில் தொடங்கும். ஒவ்வொரு மரத்துக்கும் தரவில் வேறு வேறு பகுதிதான் கொடுக்கப்பட்டிருக்கும், அதனால் எல்லாம் ஒரே மாதிரி தப்பு செய்யாது. புதிதாக ஒரு பொருள் வந்தால் எல்லா மரமும் வாக்குப் போடும். நூற்றில் 93 மரம் ‘இளசு’ என்றால் 0.93 என்று எழுதிவிடும். அவ்வளவுதான். ஆகவே அந்த எண்ணின் தரம் முழுக்க முழுக்க, முதலில் மனிதர்கள் ஒட்டிவைத்த சீட்டுகளின் தரத்தைப் பொறுத்தது.

நானே இதில் அடிபட்டிருக்கிறேன். இந்தத் தரவுகளையெல்லாம் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஒரு விடுமுறையில் தெரிந்த இளம் விண்மீன்களின் பட்டியல் ஒன்றை எடுத்து, சாதாரண விண்மீன்கள் கொஞ்சம், கேலக்ஸிகள் கொஞ்சம் கலந்து, நானும் ஒரு மாதிரியைப் பழக்கினேன். சோதித்துப் பார்த்தால் நூற்றுக்கு 98 சரி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நாள் இரவு, பால்வெளியின் தளத்திலிருந்து வெகுதூரம் விலகி, மேகமோ தூசியோ இல்லாத ஒரு சதுரத்தை வானத்தில் எடுத்து அதன்மேல் ஓட்டினேன். அங்கே இளம் விண்மீன் ஒன்றிரண்டுகூடத் தேறாது, பிறப்பதற்கு வாயு வேண்டுமே. என் மாதிரி அங்கேயும் நூற்றுக்கணக்கில் இளம் விண்மீன்களைக் காட்டியது. முதல் வரியில் இருந்ததற்கு 0.97 மதிப்பெண். அதன் இடக்குறிப்பை எடுத்து வான் படங்களில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் மஞ்சளாக ஒரு பொட்டு, இரண்டு பக்கமும் மங்கலாக ஒரு வளைவு. சுருள் கேலக்ஸி. இரண்டாவதும் கேலக்ஸி. மூன்றாவது துடிக்கிற பழைய செம்பெரு விண்மீன், வேறொரு பட்டியலில் பல வருடங்களுக்கு முன்பே பதிவானது. நான் கலந்த கேலக்ஸிகள் மிகக் குறைவு, அதுவும் பெரியதாக, பிரகாசமாக, பார்த்ததும் தெரிகிறவை மட்டும். மங்கிய சின்ன கேலக்ஸி என்ற ஒன்றை என் மாதிரி பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றை அது ‘தெரியாது’ என்று சொல்லாது, தனக்குத் தெரிந்த பெயர்களில் எது பக்கத்தில் இருக்கிறதோ அதைத் தைரியமாகச் சொல்லிவிடும்.

அந்த 98 ஏன் ஏமாற்றியது என்பதை ஒரு சின்னக் கணக்கில் சொல்லிவிடலாம். 10 கோடியே 30 லட்சம் பொருள்களில் பெரும்பாலானவை இளசு இல்லை. அவற்றில் நூற்றில் ஒன்றை மட்டும் ஒரு மாதிரி தவறாக ‘இளசு’ என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 99 விழுக்காடு சரி, எந்தத் தேர்விலும் முதலிடம். ஆனால் தவறாக வந்து சேர்வது ஏறத்தாழ 10 லட்சம்! மார்ட்டன் குழுவின் பட்டியல் இப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. இந்தப் பள்ளம் தெரிந்ததால்தான் அவர்கள் தூசி உள்ள இடங்களாகப் பார்த்துப் பொறுக்கினார்கள், 90 விழுக்காடு என்று உயரமாகக் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டையும் நேராகப் படித்தால், விளிம்பில் இருக்கிற பத்தில் ஒன்று வேறு ஏதாவதாக இருக்கலாம் என்றுதான் அர்த்தம். இதையெல்லாம் அவர்கள் மறைக்கவில்லை, பட்டியலிலேயே ஒவ்வொரு வரியிலும் அந்த எண் இருக்கிறது. செய்தியாக மாறும்போதுதான் அது உதிர்ந்துவிடுகிறது.

உங்கள் வாசகர் ஒருவர் இதே விஷயத்தைத் தேடிப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 2021ல் மைக்கேல் கூனும் மற்றவர்களும் வெளியிட்ட ஸ்பைசி என்ற பட்டியலில் 1,17,446 இளம் விண்மீன் வேட்பாளர்கள். 2022ல் கையாவின் மூன்றாவது வெளியீட்டோடு வந்த பட்டியலில் 79,375. ‘11 லட்சம் என்றீர்கள், ஒரு லட்சம் ஆனது, இப்போது 79 ஆயிரமா, இவர்களுக்கே தெரியவில்லையா?’ என்று கேட்கத்தானே செய்வார். உண்மையில் மூன்றும் மூன்று வேறு கேள்விகள். ஸ்பைசி முழு வானத்தையும் பார்க்கவில்லை, ஸ்பிட்சர் தொலைநோக்கி பால்வெளியின் தளத்தையொட்டிப் படம்பிடித்த பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டது, ஆனால் வைஸைவிடக் கூர்மையாக. கையாவின் 79 ஆயிரமோ நிறத்தைப் பார்த்து வந்ததல்ல, ஒளி ஏறி இறங்குவதை வைத்துப் பிடித்தவை. இளம் விண்மீன்கள் நிம்மதியாக எரிவதில்லை: தட்டிலிருந்து வாயு விழும்போது மின்னும், தூசி குறுக்கே வந்தால் மங்கும், மேற்பரப்பில் பெரிய கரும்புள்ளிகள் சுழன்று வரும். வேட்பாளர் என்ற சொல்லும் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்ற ஒரு வரியும் இருந்திருந்தால் இந்த மூன்று எண்களுக்கும் நடுவில் சண்டையே இல்லை.

இவ்வளவு சந்தேகம் சொல்கிறேனே, பட்டியலே வேண்டாம் என்கிறேனா என்றால், நிச்சயமாக இல்லை. கணினி இல்லாமல் இந்த வேலை நடக்கவே நடக்காது. ஹார்வர்டில் ஆனி ஜம்ப் கேனன் வாழ்நாளில் சுமார் மூன்றரை லட்சம் விண்மீன்களை நிறமாலை (ஒளியை நிறங்களாகப் பிரித்து எடுப்பது) பார்த்து வகைப்படுத்தினார். அந்த உழைப்பிலிருந்து 1918க்கும் 1924க்கும் இடையே ஒன்பது தொகுதிகளாக வந்த பட்டியல் இன்றுவரை பயன்படுகிறது. கை பழகிய பிறகு நிமிடத்துக்கு மூன்று விண்மீன் பார்ப்பார் என்று சொல்வார்கள். அந்த வேகத்தில் 10 கோடியே 30 லட்சத்தைப் பார்க்க இரவு பகல் தூங்காமல் 65 வருடம் ஆகும், நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். வானியலாளர் ஆல்ஃபிரட் ஜாய் 1945ல் டி டாரி வகை என்று ஒரு விண்மீன் கூட்டத்துக்குப் பெயர் வைத்தபோது அவர் பட்டியலில் இருந்தவை 11. பதினொன்று! அவை பிறந்து அதிக காலம் ஆகாதவை என்பதை எடுத்துச் சொல்ல அதற்குப் பிறகு ஆர்மீனிய வானியலாளர் அம்பார்ட்சுமியன் வர வேண்டியிருந்தது.

பட்டியல் நீளமாக இருப்பதில் இன்னொரு நன்மை உண்டு, தனித்தனி வரிகளில் தப்பு இருந்தாலும் கூட்டமாகப் பார்த்தால் உண்மை தெரியும். ஸ்பைசி பட்டியலையும் கையா தந்த தூரங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, பால்வெளியின் சுருள் கரங்களில் ஒன்றான தனுசுக் கரத்திலிருந்து ஒரு கிளை போல, சுமார் 3,000 ஒளியாண்டு நீளத்துக்கு இளம் விண்மீன் கூட்டங்கள் நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. தனுசுக் கரம் சுமார் 12 டிகிரி சாய்வில் வளைகிறது, இந்தக் கிளையோ 56 டிகிரியில் துருத்திக்கொண்டு நிற்கிறது. கழுகு நெபுலா, ஒமேகா, டிரைஃபிட், லகூன் என்ற ஒளிரும் வாயு மேகங்கள் எல்லாம் அந்தக் கிளையில் இருப்பவை. தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் பல தலைமுறையாகத் தனித்தனி அழகாகப் பார்த்துவந்தவை ஒரே கிளையின் பூக்கள் என்று 2021ல்தான் தெரிகிறது! உங்கள் அறிவியல் பக்கத்துக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்?

அடுத்தது, திடீரென்று பொங்குகிற இளம் விண்மீன்கள். 1936-37ல் எஃப்யூ ஓரியானிஸ் என்ற விண்மீன் சில மாதங்களில் நூறு மடங்குக்கும் மேல் பிரகாசமாகி அப்படியே நின்றுவிட்டது. தட்டிலிருந்து வாயு மொத்தமாக விண்மீனின் மேல் கொட்டுவதால் வருவது இது. இப்படிப்பட்டவை மிகவும் அரிது, நடக்கும்போதே பிடிக்க வேண்டும். கையா17பிபிஐ என்ற விண்மீன் பொங்கியபோது, கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் ஏறுவதற்கு முன்பே அகச்சிவப்பில் ஏற ஆரம்பித்திருந்தது என்று 2018ல் எழுதினார்கள், அதாவது கொந்தளிப்பு தட்டின் வெளிப்பக்கத்தில் தொடங்கி உள்ளே வந்திருக்கிறது. சிலியில் ரூபின் வானாய்வகம் 2025ல் முதல் படங்களை வெளியிட்டது. ஒளி மாறுகிற பொருள்கள் பற்றி ஒரே இரவில் லட்சக்கணக்கில் எச்சரிக்கைகளை அனுப்பக்கூடிய தொலைநோக்கி அது. அந்தக் குவியலில் எதை உடனே பார்ப்பது? கையில் இளம் விண்மீன் பட்டியல் இருந்தால் சட்டென்று பொருத்திப் பார்த்து அன்று இரவே வேறொரு தொலைநோக்கியைத் திருப்பலாம்.

சரி, வேட்பாளர் எப்போது வெற்றி பெறுவார்? நிறமாலை எடுத்த பிறகு. விண்மீனின் ஒளியைப் பிரித்துப் பார்க்கும்போது 6708 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் லித்தியத்தின் கோடு அழுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சூரியனைவிடச் சிறிய விண்மீன்களில், உள்ளே வெப்பம் 25 லட்சம் டிகிரியைத் தொட்டதும் லித்தியம் எரிந்து தீர ஆரம்பித்துவிடும். அது இன்னும் மிச்சமிருக்கிறது என்றால் விண்மீன் இளசு. கேலக்ஸி இந்தச் சோதனையில் தப்பிக்கவே முடியாது. ஸ்லோன் வான் ஆய்வின் ஐந்தாவது கட்டத்தில் 500 சின்ன ரோபோ கைகள் ஒரே நேரத்தில் 500 பொருள்களின் ஒளியைக் கண்ணாடி இழைகளில் பிடிக்கின்றன, அப்படி இருந்தும் 11 லட்சம் என்பது மலை. யாரை முதலில் சோதிப்பது என்று வரிசை போட்டுக் கொடுப்பதுதான் இயந்திரக் கற்றல், அதாவது கணினியைத் தரவு காட்டிப் பழக்குகிற இந்த முறை, இங்கே செய்கிற பெரிய உதவி.

தட்டை இழந்துவிட்ட மூன்றாம் வகுப்பு இளசுகளையும் சொல்ல வேண்டும். அகச்சிவப்பில் அவை சாதாரண விண்மீன் போலவே தெரியும், அதனால் தூசியை வைத்துத் தேடுகிற எந்தப் பட்டியலிலும் பல விட்டுப்போகும். அவற்றைப் பிடிக்க எக்ஸ் கதிர் வேண்டும்: 2003 ஜனவரியில் சந்திரா தொலைநோக்கி ஓரியன் நெபுலாவையே 13 நாட்கள் உற்றுப் பார்த்து 1,616 எக்ஸ் கதிர்ப் புள்ளிகளைப் பதிவு செய்தது, அவற்றில் பெரும்பாலானவை இளம் விண்மீன்கள். ஆக, 11 லட்சம் என்பதில் இளசு இல்லாதவையும் இருக்கும், இளசாக இருந்தும் அதில் சேராதவையும் வெளியே நிறைய இருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள்: ‘கண்டுபிடித்த’ என்பதற்குப் பதில் ‘இனம்பிரித்த’ என்றும், ‘புதிய நட்சத்திரங்கள்’ என்பதற்குப் பதில் ‘இளம் விண்மீன் வேட்பாளர்கள்’ என்றும். வேட்பாளர் என்ற சொல் தேர்தல் வாடை அடிக்கிறது என்று உங்கள் உதவி ஆசிரியர்கள் நினைத்தால் ‘இளம் விண்மீன்களாக இருக்கக்கூடியவை’ என்று நீட்டியே எழுதலாம், தலைப்பில் இடம் இடித்தால் முதல் வரியிலாவது வரட்டும். கூடவே எத்தனை விழுக்காட்டுக் கோடு, எந்தத் தொலைநோக்கியின் தரவு, எதைப் பார்த்துக் கணினி பழகியது என்று இரண்டு வரி. கையா தன் வேலையை முடித்து 2025 மார்ச்சில் அணைக்கப்பட்டுவிட்டது, ஆனால் அதன் நான்காவது தரவு வெளியீட்டை 2026 டிசம்பரில் தருவதாக அறிவித்திருக்கிறார்கள். ஒவ்வொரு விண்மீனின் ஒளியும் எந்தெந்த நாளில் எவ்வளவு இருந்தது என்ற அளவீடுகள் அதில் வரப்போகின்றன. வந்த கையோடு புதிய பட்டியல்கள் கிளம்பும், எண்களும் இதைவிடப் பெரிதாகவே இருக்கும். அந்தச் செய்தி உங்கள் மேசைக்கு வரும்போது இந்தக் கடிதம் பக்கத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்